காரில் தூங்கியவர்கள் சோதித்த கூடாரம்

1

போன வெள்ளிக்கிழமை கடையில் ஒரு வாடிக்கையாளரிடம் சத்தம் போட்டுவிட்டேன். ஷார்ஜாவில் நான் வேலை பார்க்கும் கடையில் கூடாரம், மடக்கு நாற்காலி, கரி அடுப்பு, தூங்கும் பை எல்லாம் விற்கிறோம். கோடையில் ஈ ஓட்டுவோம். நவம்பர் பிறந்துவிட்டால் நிற்க நேரமிருக்காது. அந்த மனிதர் மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் வந்திருந்தார். காட்சிக்கு விரித்து வைத்திருந்த கூடாரத்துக்குள் பிள்ளைகள் புகுந்து உருண்டு கொண்டிருந்தார்கள். அவர் அதன் துணியை இரண்டு விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "மலைக்குக் கொண்டு போகலாம்தானே? எல்லாம் ஒன்றுதானே?" என்று இந்தியில் கேட்டார்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "ஒன்று இல்லை. முதலில் நீங்கள் ஒரு ராத்திரி இதில் படுத்துப் பாருங்கள். அப்புறம் பிள்ளைகளைப் படுக்க வையுங்கள்" என்றேன். கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பிள்ளைகள் தவழ்ந்து வெளியே வந்து தாயின் பின்னால் நின்று கொண்டார்கள்.

"எதற்குக் கோபம், பாய்? கேட்கத்தானே செய்தேன்" என்றார் அவர்.

அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. மன்னிப்புக் கேட்டு, மலைக் குளிருக்குத் தாங்கும் வேறொன்றை எடுத்துக் காட்டி அனுப்பி வைத்தேன். ஆனால் கோபம் அவரோடு வெளியே போகவில்லை. அது வேறு ஆட்கள்மேல் உள்ள கோபம். சில வருடங்களாக என்னிடமே இருக்கிறது. இதை ஊரில் யாரிடம் சொன்னாலும், "போவட்டும் விடுங்க, வயித்துப் பொழப்பு" என்கிறார்கள். விட முடியாததால் எழுதுகிறேன்.

2

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். துபாய் என்றதும் உங்களுக்கு வெயிலும் மணலும்தான் நினைவுக்கு வரும். இங்கே மலை உண்டு. வடக்கே ராஸ் அல் கைமாவைத் தாண்டினால் ஒரு புல் முளைக்காத கல் மலைகள் வானத்துக்கு நிற்கின்றன. டிசம்பர், ஜனவரியில் அதன் உச்சியில் அடிக்கும் காற்றுக்குக் கொடைக்கானல் தோற்றுவிடும். கீழே மின்விசிறி போட்டுக்கொண்டு தூங்குகிறவர்கள் இதை நம்ப மாட்டார்கள். நானும் நம்பியதில்லை.

அப்போது நான் துபாயில் வேறொரு கடையில் இருந்தேன். அங்கே எங்கள் மேனேஜர் தியாகராஜன் சார். கும்பகோணத்துக்காரர். நல்ல பேச்சுக்காரர். காலையில் வந்ததும், "பாய், சாப்டாச்சா?" என்று கேட்காமல் தன் கேபினுக்குள் போக மாட்டார். நம் ஆள் ஒருவர் மேலே இருக்கிறார் என்பதில் எனக்கு ஒரு தெம்பு இருந்தது. அந்தத் தெம்பை நினைத்தால் இப்போது எரிச்சல்தான் வருகிறது.

ஒரு நவம்பரில் ஒரு கன்டெய்னர் நிறையப் பச்சை நிறக் கூடாரங்கள் வந்து இறங்கின. பெட்டி மேல் பனிமலைப் படம் போட்டிருந்தது. பிரித்து விரித்த உடனே தெரிந்துவிட்டது, அது கடற்கரைக் கூடாரம். மேலே பாதிக்கு மேல் கொசுவலை. அதை மூடும் மேல்துணி தரையைத் தொடாமல் ஒரு முழம் மேலேயே நின்றுவிடுகிறது. அந்த இடைவெளியில் காற்று தாராளமாக உள்ளே வந்து போகும். தரைத் துணியோ மழைக்கோட்டுத் துணியைவிட மெலிசு.

"கடற்கரைக்குப் போறவங்களுக்கு வித்துரலாம் சார்" என்றேன்.

"மலைக்குப் போகுது பாய். மொத்தமா" என்றார்.

ஒரு கட்டுமானக் கம்பெனி அந்த மலை மேல் ரோடு வெட்டிக் கொண்டிருந்தது. நாற்பது பேர் தினமும் அடிவாரத்து கேம்ப்பிலிருந்து பஸ்ஸில் மேலே போய்த் திரும்புகிறார்கள். போகவர ஆகும் நேரம் கம்பெனிக்கு உறுத்தியிருக்கிறது. வாரம் முழுவதும் மேலேயே தங்க வைத்துவிட்டால் அந்த நேரமும் வேலை நேரமாகிவிடும் அல்லவா. அதற்குத்தான் கூடாரம். ஒரு ராத்திரி மேலே போட்டுப் பார்த்து, சரியாக இருந்தால் ஆர்டர் என்று சொல்லியிருந்தார்கள். சோதிக்கப் போனது மூன்று பேர். எங்கள் மேனேஜர், அந்தக் கம்பெனியின் ப்ராஜெக்ட் மேனேஜர் வர்மா, கூடாரம் அடிக்கத் தெரிந்த நான்.

வீட்டில் என் மகள் நஸ்ரின், "கேம்ப்பிங் ட்ரிப்பா, வாப்பா? லக்கி" என்றாள். அப்போது அவள் பத்தாம் வகுப்பு. தமிழில் அவள் பேசுவது வாப்பா, உம்மா, பசிக்குது என்ற அளவில் வந்து நின்றிருந்தது. மற்றதெல்லாம் ஆங்கிலம். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். எங்கள் வீட்டில் பேச்சு இரண்டு தண்டவாளத்தில் ஓடியது.

3

டிசம்பர் மூன்றாம் வாரத்தில் ஒரு வியாழன் பிற்பகல் மலையேறினோம். ரோடு முடிகிற இடத்தில் புல்டோசர்களும் கல் உடைக்கும் எந்திரங்களும் நின்றன. வாராந்திர வேலை முடிந்து ஆட்கள் கீழே போய்விட்டிருந்தார்கள். எந்திரங்களுக்குக் காவலாக ஒரே ஒருவர். எங்கள் பேச்சைக் கேட்டதும் முகம் மலர்ந்து ஓடி வந்தார்.

"தமிழாங்க? நான் பெரம்பலூர் பக்கங்க. செல்வராசு."

முப்பது வயதிருக்கும். ஊரில் ஆட்டோ ஓட்டிக் கொண்டிருந்தவர். வாய் ஓயாத மனிதர். ஆட்கள் கீழே போய்விட்டால் ராத்திரி முழுக்கப் பேச ஆளில்லாமல் எந்திரங்களிடம் பேசிக் கொண்டிருந்ததாகச் சொன்னார்.

கூடாரம் அடிக்க அவர்தான் கை கொடுத்தார். முளைக்குச்சி கல் தரையில் இறங்கவில்லை. நாலைந்து வளைந்து போயின. கடைசியில் பெரிய பெரிய கற்களைப் புரட்டிக் கொண்டுவந்து கயிற்றை அவற்றில் கட்டினோம். பொழுது சாய்வதற்குள்ளேயே காற்று தொடங்கிவிட்டது. பிளாஸ்டிக் கம்பிகள் வில்லாக வளைந்து நிமிர்ந்தன. செல்வராசு ஒரு கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

"ஏங்க பாய், இதுக்குள்ளாறயா எங்களப் போடப் போறாங்க?"

"இன்னும் முடிவு பண்ணல. அதுக்குத்தான் டெஸ்ட் பண்ண வந்துருக்கோம்."

"நல்லாப் பண்ணுங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கு வீசிங் உண்டுங்க. குளிர் காத்து ஆவாது. யார்ட்டயும் சொல்லிராதீங்க" என்றார்.

இரண்டு கூடாரம் அடித்திருந்தோம். ஒன்று மேனேஜருக்கும் வர்மாவுக்கும். மற்றது எனக்கு. செல்வராசு எப்போதும் புல்டோசர் கேபினில் படுக்கிறவர். அன்று, "ஆளுங்க படுத்தா எப்படி இருக்குன்னு தெரிய வேணாமா?" என்று வர்மா அவரையும் என் கூடாரத்துக்கு அனுப்பினார். நல்ல யோசனைதான். அந்த யோசனை தன்வரையில் வந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

அந்த ராத்திரியைப் பற்றி விரிவாகச் சொல்ல எதுவும் இல்லை. குளிர்ந்தது. போட்டிருந்த இரண்டு சட்டையும் கம்பளியும் போதவில்லை. மூச்சுக்காற்று துணியில் பட்டு நீராகி எங்கள் மேலேயே சொட்டியது. நான் புரண்டு புரண்டு படுத்தேன். செல்வராசு படுக்கவே இல்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேட்டதற்கு, "படுத்தா மூச்சு வாங்குதுங்க. நீங்க தூங்குங்க" என்றார். அவர் நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு விசில் சத்தம் மட்டும் வந்து கொண்டிருந்தது.

விடியற்காலை சுபுஹு தொழுகைக்காக எழுந்தேன். ஜிப்பைத் திறந்ததும் துணியில் நின்ற தண்ணீர் கழுத்துக்குள் இறங்கியது. வெளியே வந்து பார்த்தால் அடுத்த கூடாரத்தின் ஒரு பக்கம் சாய்ந்து தரையோடு கிடக்கிறது. பதறிப் போய் ஓடினேன். உள்ளே யாரும் இல்லை.

இருபதடி தள்ளி கார் நின்றது. எஞ்சின் ஓடிக் கொண்டிருந்தது. கண்ணாடி உள்ளே வெதுவெதுப்பில் வியர்த்திருந்தது. முன் சீட்டுகளைச் சாய்த்துப் போட்டு இரண்டு பேரும் வாய் திறந்து தூங்கிக் கொண்டிருந்தார்கள். ஹீட்டர் போட்டிருந்தார்கள்.

நான் தொழுதுவிட்டு வந்து காருக்கு வெளியே நின்றேன். தட்டி எழுப்பவில்லை. வெயில் வரட்டும் என்று நின்றேன்.

4

எழுந்ததும் வர்மா கையை உரசிக்கொண்டு, சாய்ந்து கிடந்த கூடாரத்தைக் காலால் லேசாகத் தள்ளிப் பார்த்தார். ஃபிளாஸ்கிலிருந்த தேநீரை மேனேஜர் ஊற்றிக் கொடுத்தார்.

"எப்படி இருந்தது?" என்று வர்மா என்னைக் கேட்டார்.

"ப்ராப்ளம் சார். தண்ணி சொட்டுது, காத்து உள்ள வருது" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொல்லத் தொடங்கினேன்.

மேனேஜர் இடையில் புகுந்தார். "இவர் கடலோரத்து ஆள். பத்து டிகிரி குறைந்தாலே காய்ச்சல் வந்துவிடும்." இரண்டு பேரும் சிரித்தார்கள். வர்மா, கூடாரத்தின் வாசலில் போர்வையோடு உட்கார்ந்திருந்த செல்வராசுவைப் பார்த்தார். செல்வராசு எழுந்து நின்று சலாம் வைத்தார்.

"பாருங்கள், அவன் நன்றாகத்தானே இருக்கிறான்" என்றார் வர்மா. பிறகு அந்த வார்த்தையைச் சொன்னார். "லேபர் கே லியே சலேகா." லேபருக்கு இது போதும் என்று அர்த்தம்.

"சார், நீங்க ரெண்டு பேரும் கார்லதான தூங்குனீங்க?" என்றேன். இதைத் தமிழில்தான் சொன்னேன். கோபத்தில் வேறு பாஷை வரவில்லை.

மேனேஜரின் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே இருந்தது. குரல் மட்டும் மாறியது. "பாய், வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க."

"என்ன சொல்கிறார்?" என்றார் வர்மா.

"பசிக்குதாம்" என்றார் மேனேஜர்.

கிளம்பும்போது செல்வராசு என் ஊர் நம்பரையும் இங்கத்திய நம்பரையும் வாங்கி வைத்துக் கொண்டார். எதற்கு என்று கேட்கவில்லை.

அது அங்கேயே முடிந்திருக்கும். பத்துப் பதினைந்து நாள் கழித்து அந்தக் கம்பெனியின் தலைமை அலுவலகத்திலிருந்து பாதுகாப்புப் பிரிவுப் பெண் ஒருத்தி கடைக்கு போன் செய்தாள். பிலிப்பைன்ஸ்காரி என்று குரலில் தெரிந்தது. கூடாரத்தில் படுத்தவரோடு பேச வேண்டும் என்றாளாம். மேனேஜர் என்னைப் பார்த்து ஒரு தலையாட்டு ஆட்டிவிட்டு இணைப்பைக் கொடுத்தார். அந்தத் தலையாட்டுக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும்.

"நோ ப்ராப்ளம், சார்?" என்றாள்.

"யெஸ்" என்றேன்.

"ஓகே, தேங்க் யூ" என்று வைக்கப் போனாள். அப்போதுதான் உறைத்தது. அவள் ப்ராப்ளம் இல்லையே என்று கேட்கிறாள், நான் ஆமாம் என்கிறேன். இந்த நாட்டில் இத்தனை வருடத்தில் நான் அதிகமாகச் சொன்ன வார்த்தை அந்த 'நோ ப்ராப்ளம்'தான். சாப்பாடு வரவில்லையா, நோ ப்ராப்ளம். லீவு இல்லையா, நோ ப்ராப்ளம். ப்ராப்ளம் என்று சொன்னால்கூட அதற்கு முன்னால் ஒரு 'நோ' இருப்பதாகத்தான் கேட்பவர் காதில் விழும்.

"மேடம், ஒன் மினிட்" என்று கத்தினேன். "ப்ராப்ளம். பிக் ப்ராப்ளம். வாட்டர் கம்மிங். வெரி கோல்ட். ஒன் டென்ட் ஃபால் டவுன். டூ சார் ஸ்லீப் இன் கார். மேன் நோ ஸ்லீப்."

அவள் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கேட்டாள். நான் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னேன். கண்ணாடிக்கு அப்பால் மேனேஜர் எழுந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

ஆர்டர் ரத்தானது.

5

என் கணக்கு அந்த வாரமே முடிக்கப்பட்டது. கஃபீல் என்று இங்கே சொல்வார்கள், நம் விசாவுக்குப் பொறுப்பான உள்ளூர் முதலாளி. என் கஃபீலை எனக்கு நேரில் பார்த்த ஞாபகம்கூட இல்லை. கையெழுத்து அவருடையது, முடிவு மேனேஜருடையது. வேறு கம்பெனிக்கு மாற ஆட்சேபம் இல்லை என்று ஒரு கடிதம் கொடுத்திருந்தால் மறுநாளே எனக்கு வேலை கிடைத்திருக்கும். அது இல்லையென்றால் ஆறு மாதம் தடை. ஊருக்குப் போய் உட்கார வேண்டும்.

"சார், மார்ச்ல பொண்ணுக்குப் பப்ளிக் எக்ஸாம். ரெண்டு மாசம் தள்ளி கேன்சல் பண்ணுங்க. அது வரைக்கும் சம்பளம்கூட வேணாம்" என்றேன்.

"என் கையில என்ன பாய் இருக்கு? எல்லாம் கம்பெனி ரூல்ஸ்" என்றார். அன்றும், சாப்பிட்டாச்சா என்று கேட்டார்.

குடும்ப விசாவை முதலில் ரத்து செய்தால்தான் என் விசாவை ரத்து செய்ய முடியும். தட்டச்சு செய்து தரும் கடைக்குப் போ, இமிகிரேஷனுக்குப் போ, இந்தத் தாளில் பெயர் எழுத்து மாறியிருக்கிறது, திரும்பப் போ. பள்ளிக்கூடத்தில் மாற்றுச் சான்றிதழ் வாங்கு, அதற்கு முத்திரை வாங்கு. தலைமையாசிரியை, "இன்னும் இரண்டு மாதம் பொறுக்கக் கூடாதா?" என்று என்னைக் கேட்டார். நான்தான் அவசரப்பட்டுக் கிளம்புவதுபோல. மகளை மட்டும் விசிட் விசாவில் நிறுத்திக் கொள்ளலாம் என்று சிலர் யோசனை சொன்னார்கள். பதினைந்து வயதுப் பெண்ணை யார் வீட்டில் விடுவது?

பெட்டி கட்டும்போது நஸ்ரின் வாயைத் திறந்தாள். ஆங்கிலத்தில்தான். "ஒரு டென்ட்டுக்காக. நீங்கள் விற்கக்கூட வேண்டாம் என்று நினைத்த ஒரு டென்ட்டுக்காக என் வருஷம் போகிறது."

என் மனைவி ஜமீலா அவளை அதட்டப் போனாள். நான் தடுத்தேன். அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. சேர வேண்டிய இடத்துக்கு அதைக் கொண்டு சேர்க்க எனக்குத்தான் வழி தெரியவில்லை.

ஊருக்கு வந்து சேர்ந்ததும் அதிராம்பட்டினத்தில் என் அண்ணன், எங்கள் பேச்சில் காக்கா, காட்டமாகக் கேட்டார்: "படுக்கப் போறது நீயாடா? ஒம் பொண்டாட்டி புள்ளையா? ஒனக்கென்ன வந்துச்சு?" ஊரே இதைத்தான் விதவிதமாகக் கேட்டது. நல்லவன் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை என்பதல்ல என் வருத்தம். அந்த நாற்பது பேரில் பாதிப்பேர் பெரம்பலூர், அரியலூர், பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள். அவர்கள் குளிரில் கிடப்பதைப் பற்றி ஊரில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அரபிக்காரன் கொடுமை என்று கதை சொன்னால் நடு ராத்திரி வரை கேட்பார்கள். கும்பகோணத்துக்காரர் செய்தது என்றால் பேச்சை மாற்றி விடுகிறார்கள்.

6

வெயில் கொளுத்திய ஒரு மே மாதப் பகலில் செல்வராசு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். என் ஊர் நம்பரில் வழி கேட்டு, பெரம்பலூரிலிருந்து பஸ் மாறி மாறி வந்திருந்தார். கையில் ஒரு பை நிறைய முருங்கைக்காய்.

"என்ன செல்வராசு, லீவா?"

"இல்லீங்க பாய். அனுப்பிட்டானுவ."

உட்கார வைத்துக் கேட்டேன். எங்கள் கடையில் ரத்தான ஆர்டர், ஜனவரியில் வேறொரு வியாபாரி வழியாகப் போயிருக்கிறது. "அதே பச்சைக் கூடாரந்தாங்க. பெட்டில அதே பனிமலப் படம். பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சு போச்சு" என்றார். நான் சொன்ன சொல், என் வேலை, என் மகளின் வருஷம் எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு அந்தக் கூடாரங்கள் அலுங்காமல் மலைக்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றன.

"அப்பறம்?"

"மொத மழையிலயே எல்லாம் படுத்துருச்சு. படுக்கை, துணிமணி எல்லாம் ஊறிப் போச்சு. எனக்கு மூச்சே வுட முடியல. பசங்க பயந்துட்டானுவ. விடிஞ்சதும் போர்மேன் வந்து, வேலைய ஆரம்பிங்க, சாயங்காலம் காய வச்சுக்கலாம்ங்கறான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒன்னும் சொல்லல. நான் கீழ எறங்க ஆரம்பிச்சேன். திரும்பிப் பாத்தா எல்லாவனும் பின்னால வர்றான். பெங்காலி, நேப்பாளி, நம்ம பசங்க, அம்புட்டு பேரும். வெட்டுன ரோட்டுலயே நடந்து எறங்கி, மெயின் ரோட்டுல வந்து குந்திட்டோம்."

போலீஸ் வந்தது. கம்பெனி ஆள் வந்தார். தொழிலாளர் இலாகாவிலிருந்து அதிகாரி ஒருவர் வந்து, நேரே மலைக்குப் போய் நனைந்து கிடந்ததையெல்லாம் பார்த்தாராம். பத்து நாளில் மேலே தகரக் கேபின்கள் வந்துவிட்டன. கட்டில், ஹீட்டர் எல்லாம் வைத்து. அதற்கடுத்த வாரம், முதலில் இறங்கியவர்கள் என்று மூன்று பேரைக் கணக்கு முடித்து அனுப்பினார்கள். செல்வராசு அதில் முதல் ஆள்.

தேநீர் கொண்டுவந்த நஸ்ரின் போகாமல் அங்கேயே நின்று கேட்டுக் கொண்டிருந்தாள். அந்த நாலு மாதத்தில் அவள் தமிழ் கொஞ்சம் தேறியிருந்தது.

"அங்கிள், அவங்க உங்கள அனுப்பினாங்க. மத்தவங்க அங்க வார்ம்மா தூங்குறாங்க. உங்களுக்குக் கோபம் வராதா?" என்றாள்.

"வந்துச்சு பாப்பா. அதாம் எறங்குனேன்" என்றார் செல்வராசு. "இப்ப ஆட்டோ ஓட்றேன். கோவம் இன்னும் இருக்கு. ஆனா அங்க முப்பத்தேழு பேரு காஞ்ச எடத்துல படுக்குறானுவல்ல."

அவர் போன பிறகு அவள் முருங்கைக்காய்ப் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மறுநாளிலிருந்து, என் வருஷம் போச்சு என்ற பேச்சு வீட்டில் வரவில்லை.

7

தடை முடிந்து திரும்பி, இப்போதுள்ள கடையில் சேர்ந்தேன். குடும்பமும் வந்தது. நஸ்ரின் தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மறுபடி பத்தாம் வகுப்பு படித்தாள்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு நாள் மாலையில் ஷாப்பிங் மாலில் தியாகராஜன் சார் எதிரே வந்தார். மனைவியோடு வந்திருந்தார். தூரத்திலேயே கையை விரித்துக்கொண்டு, "பாய், எப்ப வந்தீங்க? சொல்லவே இல்ல?" என்றார். நஸ்ரினின் தலையைத் தடவி, "நல்லா வளந்துட்டியே. என்ன கிளாஸ் இப்ப?" என்று கேட்டார்.

"டென்த், அங்கிள்" என்றாள் அவள். பிறகு தமிழில், நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்: "போன வருஷமே முடிச்சிருக்கணும். ரெண்டு மாசம் நீங்க தரல."

அவர் மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தார். மேனேஜர் என் தோளில் கை வைத்தார். "இன்னும் அதையே நெனச்சுக்கிட்டு இருக்கீங்களா, பாய்? அதெல்லாம் கலாஸ். முடிஞ்சு போச்சு. கோவமெல்லாம் இல்லையே?"

பழைய பழக்கத்தில் என் வாய் சிரிக்கத் தயாரானது. 'நோ ப்ராப்ளம் சார்' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நஸ்ரின் என்னையே பார்த்துக் கொண்டிருந்தாள்.

"இருக்கு சார்" என்றேன்.

தோளிலிருந்த கையை எடுத்து அவரிடமே விட்டுவிட்டு நாங்கள் நடந்தோம்.